ஒட்டாத பாசி

தெருப் பிள்ளைகள் அவளை ஜாடி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டின் முன்னறைதான் கடை. கார் நிறுத்துவதற்கென்று கட்டிய அறை அது. அவர்களிடம் கார் இல்லாததால் மேசையும் அலமாரியும் வந்து உட்கார்ந்துகொண்டன. அலமாரி நிறையக் கண்ணாடி ஜாடிகள். அடியில் கூழாங்கல், அதன்மேல் கரித்தூள், கொஞ்சம் மண், மண்ணை மூடிப் பச்சைப் பாசி, பாசிக்கு நடுவே ஒன்றோ இரண்டோ பெரணிச் செடி. ஒவ்வொரு ஜாடிக்குள்ளும் கையடக்கமாக ஒரு காடு. மூடியைத் திறந்தால் மழை விட்ட மண் வாசனை வரும். அந்த வாசனைக்காகவே வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

“உன் பேரு ஜாடின்னா, அப்ப நான் யாரு? மூடியா?” என்பான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீஸோடு நின்றுவிட்டு வருகிறவன், வீட்டுக்கு வந்தால் இப்படி ஏதாவது சொல்லிச் சிரித்துக்கொள்வான். அவளுக்குச் சிரிப்பு வராது. கழுத்து வலிக்கும். ஜாடியின் குறுகிய வாய்க்குள் இடுக்கியை விட்டுப் பாசியைப் பரப்பிப் பரப்பி, தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே இழுவையாக இழுக்கும். நாளெல்லாம் ஈரத்திலேயே இருப்பதால் விரல் தோல் எப்போதும் சுருங்கிப்போயிருக்கும்.

ஜாடிகள் அதிக நாள் தாங்குவதில்லை. வெயில் படும் ஜன்னலில் வைப்பார்கள், டி.வி. பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பார்கள், பாசம் தாங்காமல் தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள். பாசி முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், பிறகு ஊளை நாற்றம் அடிக்கும். “குழந்தை மாதிரி பாத்துக்கிட்டேன்க்கா, அப்படியும் போயிடுச்சு” என்று வருத்தத்தோடு வந்து நிற்பார்கள். வேறொன்று வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படித் திரும்பி வருகிறவர்களால்தான் கடை ஓடியது. அதைப் பற்றி அவள் யோசித்ததில்லை. யோசிக்க நேரம் இருந்ததில்லை என்பதும் உண்மை.

பாசி அனுப்புகிறவன் அவளுடைய தம்பி. மலையடிவாரத்தில், பஸ் கடைசியாகப் போய் நிற்கிற ஊரில் மனைவியோடு இருந்தான். நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்தே சுவரைக் கண்டால் ஏறுகிறவன் என்பதால் வீட்டில் வைத்த பெயர் பல்லி. கடை தொடங்கிய புதிதில் அக்காவும் தம்பியுமாகப் போய், ரோட்டை ஒட்டி ஓடிய ஓடையில் ஒரு பை நிறையப் பாசி உரித்து வந்தார்கள். அதற்குப் பிறகு அவள் மலைக்குப் போனதே இல்லை. அவன் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவான், அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் எடுத்து வருவாள். அவனுக்கு வேறு வேலை அமையவில்லை. தன் கடையை வைத்துத்தான் அவன் குடும்பம் நடக்கிறது என்று நினைப்பாள். உடம்பு முடியாத நாளில்கூடக் கடையை மூடாததற்கு அது ஒரு காரணம்.

ஒருநாள் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

“எங்க ஆபீஸ்ல எல்லார் டேபிள்லயும் ஒண்ணு வைக்கணும்க்கா, சுற்றுச்சூழல் தினத்துக்கு. போன வருஷம் துணிப்பை குடுத்தோம். அதுக்கு முந்தின வருஷம் ஸ்டீல் பாட்டில். எல்லாம் டிராயருக்குள்ள தூங்குது. இந்தத் தடவை உயிரோட ஏதாவது குடுக்கலாம்னு நான்தான் அடம் பிடிச்சேன்.”

“குடுத்துடலாம் மேடம்.”

“பாசி நெறைய வரணும். புல்தரை மாதிரி இல்லாம, காட்டையே தூக்கிட்டு வந்து வெச்ச மாதிரி இருக்கணும்.”

“தூக்கிட்டு வந்துடலாம்” என்று சிரித்தாள்.

மேடம் உடனே கிளம்பவில்லை. ஒரு ஜாடியைக் கையில் எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். “இதே மாதிரி ஒண்ணு உங்ககிட்ட வாங்கினது என் டேபிள்ல இருக்கு. எங்க மாடியில ஜன்னல் திறக்கவே முடியாது. அந்த ரூம்ல உயிரோட இருக்கறது அது ஒண்ணுதான்னு சில நாள் தோணும். என்னையும் சேர்த்துதான் சொல்றேன்.” தானே சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டு போனார்.

அன்றே பல்லிக்குப் போன் செய்தாள். எவ்வளவு வேண்டும் என்று சொன்னதும் மறுமுனையில் சத்தத்தையே காணோம்.

“என்னடா, லைன்ல இருக்கியா?”

“இருக்கேன். பாக்கலாம்க்கா.”

“பாக்கலாம்னா என்ன அர்த்தம்? உனக்கு என்னடா குறை, மலை முழுக்கப் பாசி. போன தடவை அனுப்பினது வேற ஒரே பழுப்பு, பாதியத் தூக்கித்தான் போட்டேன். நல்லா மெத்தை மாதிரி தடிமனா வேணும்.”

“சரிக்கா. மேல போனா கெடைக்கும். எடுத்துத் தர்றேன்.”

மேலே என்று அவன் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜாடிகளுக்கு யாரிடம் சொல்வது, எத்தனை பெட்டி தேவைப்படும் என்று மனம் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது.

அந்த வாரக் கடைசியில் தம்பி மனைவி போன் செய்தாள். அவள் பதறுகிறவள் இல்லை. அன்றும் பதறவில்லை. “அண்ணி, அவர் பாறையிலேர்ந்து விழுந்துட்டார். உயிருக்கு ஒண்ணுமில்ல. தொடை எலும்பு உடைஞ்சிருக்கு. நீங்க வந்தா நல்லாருக்கும்.”

அடுத்த பஸ்ஸில் கிளம்பினாள். அடிவாரத்து ஆஸ்பத்திரியில் வராந்தாவை ஒட்டிய கட்டிலில் படுத்திருந்தான். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். முகத்தின் ஒரு பக்கம் முழுக்கச் சிராய்ப்பு. விழுந்த இடத்திலேயே காலையிலிருந்து பொழுது சாயும்வரை கிடந்திருக்கிறான். ஆளைக் காணோமே என்று தேடிப் போன மனைவிதான் கண்டுபிடித்து, ஆட்களைக் கூட்டி வந்து தூளி கட்டி இறக்கியிருக்கிறாள்.

அக்காவைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான். “பல்லி விழுந்தா பலன் உண்டும்பாங்க. எனக்கு என்ன பலன்னு பாத்துச் சொல்லுக்கா.”

“வாய மூடுடா” என்று அவன் தலையைத் தொட்டாள். தொட்டதும் அழுகை வந்துவிட்டது. அவனுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பி மனைவியிடம் பேசினான். “மூட்டை மேலேயே கெடக்குது. நாளாச்சுன்னா உள்ளுக்குள்ளேயே வெந்துடும். யாரையாவது கூட்டிட்டுப் போய் இறக்கிடு.”

“இப்ப அதுதான் முக்கியமா?” என்றாள் அக்கா.

“பின்ன? காலும் போச்சு, சரக்கும் போச்சுன்னா எப்படி?”

மனைவி டம்ளரில் இருந்த தண்ணீரை அவனுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து, “நான் போய்ட்டு வந்துடறேன் அண்ணி. நீங்க இவர்கூட இருங்க” என்றாள்.

“தனியாவா? நானும் வர்றேன்.”

“உங்களால ஏற முடியாது.”

“முடியற வரைக்கும் வர்றேன்.”

மறுநாள் காலையில், பக்கத்துக் கட்டில்காரரின் மகளிடம் பல்லியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். ரோட்டிலிருந்து இறங்கினால் வருகிற முதல் ஓடை, அவளுக்குத் தெரிந்த ஓடை. அன்று அந்தப் பாறைகள் எப்படி வழுக்கின என்பது அவள் உள்ளங்காலுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. குனிந்து செருப்பைக் கழற்றப் போனாள்.

“போட்டுக்கங்க அண்ணி. வழுக்கறதுக்கு இப்ப அங்க என்ன இருக்கு?”

நிமிர்ந்து பார்த்தாள். ஓடை முழுக்கப் பாறைகள் வெளுத்துக் கிடந்தன. தோலுரித்த மாதிரி. அங்கங்கே பட்டையாகக் கீறல்கள். பெயிண்டர்கள் சுவருக்குப் பட்டி பார்க்கும் தகட்டால்தான் பல்லி பாசியை உரிப்பான். அந்தத் தகட்டின் அகலம்தான் அந்தக் கீறல்களுக்கும். நடுவே ஒரு விரல்கடை அளவுக்குத் தண்ணீர் ஊர்ந்துகொண்டிருந்தது.

“இது எப்ப எடுத்தது?”

“இங்க எடுத்து வருஷக்கணக்காச்சு.”

“திரும்ப வளரலையா?”

“இங்க பாருங்க” என்று ஒரு பாறையின் இடுக்கைக் காட்டினாள். கட்டைவிரலால் மறைத்துவிடலாம், அந்த அளவுக்கு ஒரு பச்சை. “இத்தனை நாள்ல இவ்ளோதான் வந்திருக்கு.”

மேலே ஏறினார்கள். இரண்டாவது ஓடையும் அப்படித்தான் இருந்தது. மூன்றாவதில் தண்ணீரே இல்லை. அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நிற்கும்போதெல்லாம் தம்பி மனைவியும் நின்றாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பாசி இருந்த காலத்தில் மழை விட்ட பிறகும் பாறைகள் மாசக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும், அந்தச் சொட்டில்தான் ஊர்க் குழாய்க்குத் தண்ணீர் வந்தது, இப்போது மழை விட்டால் ஓடையும் கூடவே விட்டுவிடுகிறது என்றாள். பொழுது சாய்ந்தால் காது கிழியும் அளவுக்குத் தவளைச் சத்தம் கேட்குமாம். கல்யாணமாகி வந்த புதிதில் அதனாலேயே தூக்கம் வராமல் அவனோடு சண்டை போட்டிருக்கிறாள்.

“இப்ப?”

“இப்ப நல்லாத் தூக்கம் வருது” என்றாள். அதில் கிண்டலும் இல்லை, வருத்தமும் இல்லை. களைத்துப்போன குரல்.

அக்கா ஒரு வேரில் உட்கார்ந்துவிட்டாள். “இதையெல்லாம் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லலாம்னுதான் சொன்னேன். அவர்தான், ‘அக்கா கடை இதை நம்பித்தான் இருக்கு, நீ சும்மா இரு’ன்னுட்டாரு. கீழ தீர்ந்தா மேல, மேல தீர்ந்தா அதுக்கும் மேல. இந்தத் தடவை கயிறு கட்டித்தான் எடுக்க முடியும்னு போனாரு.”

அவன் பிழைப்புக்காக என்று இவள் கடையில் ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இவள் கடைக்காக என்று அவன் மலையில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறான். இருவரும் வாரம் தவறாமல் போனில் பேசியும் இருக்கிறார்கள். சாப்பிட்டாயா, மழை உண்டா, எத்தனை சாக்கு. வேறென்ன பேசினார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அவன் விழுந்த இடம் ஒரு செங்குத்துப் பாறை. மேலே மரத்தில் கட்டிய கயிறு இன்னும் தொங்கியது. பாறையின் ஒரு பாதி உரிந்து வெளுத்திருந்தது. மறுபாதி, அவனுக்கு எட்டாத பாதி, பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் கடைசியில் அவளுக்கு எல்லாம் உறைத்தது. மலை முழுக்க இப்படித்தானே இருந்தது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. கீழேயிருந்து ஏறி வந்த வழியெல்லாம் பார்த்த வெள்ளைப் பாறைகளை அவள் ஏதோ வேறு ஊர்ப் பாறைகள் போலவே பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

மூட்டைகள் மரத்தடி நிழலில் கிடந்தன. ஒரு சாக்கின் கழுத்தை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டாள். கதகதவென்று இருந்தது, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி. மேலாக இருந்த ஒரு பத்தையைத் தூக்கினாள். தம்பி தம்பிதான், சொன்ன மாதிரியே மெத்தை போலத் தடிமன், ஓரம் கிழியாமல் உரித்திருந்தான். திருப்பினாள். அடிப்பக்கத்தில் வேக வைத்த ஜவ்வரிசி மாதிரி ஏதோ கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி. உற்றுப் பார்த்தால் சில புள்ளிகள் அசைந்தன.

“தவளை முட்டை” என்றாள் தம்பி மனைவி. “பாறைல, பாசிக்கு அடியிலதான் வைக்கும்.”

அக்கா எழுந்து பாறையிடம் போனாள். அந்தப் பத்தையை வெளுத்த இடத்தில் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினாள். பிடித்துக்கொண்டே நின்றாள். கையை எடுத்ததும் அது வழுக்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தாள். பாட்டிலில் இருந்த தண்ணீரைப் பாறையில் ஊற்றிவிட்டு வைத்தாள். ஓரத்தில் களிமண்ணைக் குழைத்து அப்பிப் பார்த்தாள். ஒரு நொடி நின்றது, பிறகு மண்ணோடு சேர்ந்து இறங்கியது.

“ஒட்டாது அண்ணி.”

“இரு, இன்னும் கொஞ்சம் தண்ணி இருந்தா...”

“ஒட்டாது. நாங்களும் பண்ணிப் பாத்திருக்கோம். போன வருஷம் மழையில ரெண்டு பேரும் சாக்கு நெறைய எடுத்துட்டு வந்து ஓடை பூராவும் ஒட்டிப் பாத்தோம். ஒரு மழை அடிச்சுது, எல்லாம் கீழ போயிடுச்சு. அது அதுவா வந்து பிடிக்கணும்.”

அக்காவின் கை முழுக்க மண். துடைத்துக்கொள்ளத் தோன்றாமல் நின்றாள். இதையெல்லாம் இங்கேயே போட்டுவிட்டுப் போய்விட வேண்டும் போலிருந்தது. அதைச் சொல்லவும் செய்தாள்.

“போட்டுட்டு?” என்றாள் தம்பி மனைவி. அப்போதுதான் முதல் தடவையாக அவள் குரல் ஏறியது. “இது அவர் காலை உடைச்சு எடுத்தது. இங்க கெடந்து அழுகினா யாருக்கு லாபம்? மலைக்கு லாபமா? தூக்குங்க அண்ணி.”

முட்டை இருந்த சாக்கை மட்டும் பாறைக்கு அடியில் ஈரம் கசிகிற இடத்தில் கொட்டி, முட்டைகள் வெயில் படாமல் இருக்கும்படி பரப்பிவிட்டார்கள். அது பிழைக்குமா என்று அக்கா கேட்கவில்லை. மற்ற மூட்டைகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து இறங்கினார்கள்.

ஊருக்குத் திரும்பி, அந்தப் பாசி தீரும்வரை ஜாடிகளை நிரப்பினாள். கேட்டதில் பாதிகூட ஆகவில்லை. அவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். திறக்க முடியாத ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார். மேசை மேல் அவருடைய பழைய ஜாடி இருந்தது.

“இதுவும் அங்கேர்ந்து வந்ததுதானா?”

“ஆமா மேடம்.”

“ம்” என்று அந்த ஜாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது ஒரே மாதிரிதான் இருந்தது.

“மீதிக்கு வேற ஏதாவது பண்ணித் தர்றேன்” என்றாள் அக்கா. “மணி பிளான்ட் கிளை ஒடிச்சு வெச்சா எந்த பாட்டில்லயும் வரும். வெறும் தண்ணி போதும். எங்கேயும் போய் உரிக்க வேணாம்.”

“எனக்கு ஓகேக்கா. ஆனா இதை மேல கொண்டு போனா, எல்லார் வீட்டு பாத்ரூம்லயும் இருக்கற செடிய எதுக்குப் பரிசா குடுக்கறோம்னு கேப்பாங்க.” கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். “பிளாஸ்டிக் பாசி வருமே, அது?”

“வேணாம் மேடம். அதை நான் பண்ணல.”

“சரி, விடுங்க. ஆன்லைன்ல பாக்கறேன். தப்பா நினைக்காதீங்க. போஸ்டர் எல்லாம் அடிச்சு முடிச்சாச்சு.”

தப்பாக நினைக்க அவளுக்கு எதுவும் இல்லை. தன்னைவிட அந்தப் பெண் மோசம் என்று தோன்றவில்லை.

பாசி ஜாடி இனிமேல் இல்லை என்று கடையில் சொல்லத் தொடங்கினாள். பழையது வாடியிருந்தால் கொண்டு வாருங்கள், சரிசெய்து தருகிறேன் என்றாள். சிலர் கொண்டு வந்தார்கள். பலர், “அப்படியா, பரவால்லக்கா” என்று சொல்லிவிட்டு, வாசல் தாண்டும் முன்பே போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார்கள்.

காலுக்குள் கம்பியும் கையில் ஊன்றுகட்டையுமாகப் பல்லி அவள் வீட்டுக்கே வந்து சேர்ந்தான். இங்குள்ள டாக்டரிடம்தான் அடிக்கடி காட்ட வேண்டியிருந்தது. மனைவிக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடை கோடவுனில் வேலை கிடைத்தது. அவளிடமிருந்து அவன் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தான். வந்த அன்று பேசவில்லை. மறுநாள், அக்கா மணி பிளான்ட் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தான்.

“நீ நல்லவளாயிட்ட. சந்தோஷம். எனக்கு என்ன வழி?”

“நீ இனிமே ஏற முடியாதுடா.”

“அது காலுதான் சொல்லணும், நீ சொல்லக் கூடாது. ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டியா?”

“நீ சொன்னியா எங்கிட்ட? மலை மொட்டையாப் போச்சுன்னு ஒரு வார்த்தை?”

“சொன்னா என்ன பண்ணியிருப்ப?”

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். நிறுத்தியிருப்பேன் என்று சொல்லத்தான். ஆனால் அவன் போனில் பாக்கலாம் என்று இழுத்தபோது தான் என்ன சொன்னாள் என்பது நினைவுக்கு வந்தது. அடுத்த கிளையை எடுத்து வெட்டினாள்.

“நீ விட்டா நின்னுடும்னு நினைக்கறியா?” என்றான் அவன், இப்போது கோபம் இறங்கிய குரலில். “ஊர்லேர்ந்து போன் வந்துச்சு. ஒருத்தன் வேன் எடுத்துட்டு வந்து ஏறிக்கிட்டு இருக்கான். நான் கட்டின கயிறுலயே ஏறறானாம்.”

“அந்தக் கயிறை அவுத்துப் போடச் சொல்லியிருக்கலாம்.”

“அவுத்தா அவன் வேற கயிறு வாங்கிட்டு வருவான்.”

வேலை முடிந்து வந்து வாசலில் ஷூ கழற்றிக்கொண்டிருந்த கணவன், “பல்லி எறங்கினா ஓணான் ஏறுது, அவ்ளோதானே?” என்றான். பல்லி சட்டென்று சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு தொந்தரவு வந்தது. வீட்டில் எதை எடுத்தாலும் இது எந்த மலையிலிருந்து வந்திருக்கும் என்று தோன்றியது. பிஸ்கட் பாக்கெட், ஷாம்பு, தண்ணீர் பாட்டில், கைக்குட்டைக்குப் பதிலாக எல்லாரும் உருவி உருவிப் போடும் மெல்லிய காகிதம், போன வருஷம் ஆசைப்பட்டு மாற்றிய சமையலறைக் கருங்கல் பலகை. பல்லி மாதிரி ஒருவன் எங்கேயோ ஏறியிருப்பான். எங்கேயோ ஒரு ஓடை வெளுத்திருக்கும். அங்கே உள்ளவர்களும் இப்போது நன்றாகத் தூங்குவார்கள்.

சாப்பிடும்போது ஒருநாள் இதைக் கணவனிடம் சொன்னாள். அவன் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. “இப்படியெல்லாம் யோசிச்சா ஒரு வாய் சோறு உள்ள எறங்காது.”

“எறங்குதே” என்றாள். “அதாங்க ஆச்சரியமா இருக்கு. நல்லாத்தான் எறங்குது.”

அவன் அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்க முடியுமா என்று யோசித்தான் போலிருக்கிறது. பிறகு அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தான்.

மழைக்காலம் தொடங்கும்போது மேடம் போன் செய்தார். “டேபிள்ல இருக்கறது எல்லாம் போயிடுச்சுக்கா. நாத்தம் வருதுன்னு குப்பையில போடச் சொல்றாங்க. எனக்கு மனசு வரல. கண்ணாடியாவது உங்களுக்கு உதவும்ல?”

வேன் வந்து பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டுப் போனது. அவள் நிரப்பிக் கொடுத்த ஜாடிகளும் இருந்தன. ஆன்லைனில் வாங்கியவையும் இருந்தன. எல்லாம் ஒரே பழுப்பு. சிலவற்றில் குண்டூசி, ரப்பர் பேண்ட், மிட்டாய்த் தாள். ஒரு ஜாடியின் கழுத்தில் மட்டும், யாரோ தன் பாசிக்கு வைத்த செல்லப் பெயர், பேனாவால் எழுதி ஒட்டப்பட்டிருந்தது.

பின்பக்கம் குழாயடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காலி செய்தார்கள். அவள் கரண்டியால் சுரண்டிக் கொட்டினாள். பல்லி ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு கழுவினான். ஆன்லைனில் வாங்கிய ஜாடி ஒன்றிலிருந்து வந்த காய்ந்த பத்தையை அவன் கையில் எடுத்து, விரலால் பிரித்து, முகர்ந்து பார்த்தான்.

“இது நம்ம பக்கத்துப் பாசி இல்லக்கா. இலை வேற மாதிரி இருக்கு.”

“எங்க உள்ளது?”

“யாருக்குத் தெரியும். நான் பாத்ததே இல்ல.” கையில் வைத்துக்கொண்டே இருந்தான். “தடிமனா இருந்திருக்கு. இந்த அளவுக்கு வர ரொம்ப நாள் பிடிச்சிருக்கும்.”

அதைக் குவியலில் போட மனமில்லாமல் ஸ்டூலின் ஓரத்தில் வைத்தான். கொஞ்ச நேரத்தில் காற்றில் அது தானாகவே கீழே விழுந்து மற்றவற்றோடு கலந்துவிட்டது. தேடி எடுக்க முடியாது. எல்லாம் ஒரே நிறம்.

கழுவிய ஜாடிகளை என்ன செய்வது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் எழுந்து அடுத்த பெட்டியை இழுக்கப் போனாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“விடுக்கா, நான் பாத்துக்கறேன்” என்றான் பல்லி. “நீ செத்த நேரம் உக்காரு.”

அவள் படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தமும், கண்ணாடியோடு கண்ணாடி உரசும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன.